ஒற்றைத் திருகாணி

வல்பரைசோ குன்றில்
நூற்றுப்பதினெட்டாம் படியில் சுனில்தாவின் இரும்புக்கடை.
மதியம் இரண்டு மணி நேரம் சாத்திக் கிடக்கும்.
விலையும் கூடத்தான்.
துறைமுகத்துப் பெருங்கடையில்
ஐம்பது திருகாணிப் பொட்டலம் விற்கும் காசுக்கு
இவள் இருபதுதான் எண்ணித் தருவாள்.
அதனால் டிரில் மெஷினை அங்கே வாங்கினேன்,
தள்ளுபடியில், மூன்று தவணையில்.

ஓட்டத் தெரியாமல்
பையில் மறைத்து
இவளிடம்தான் எடுத்துவந்தேன்.
பெட்டிமேல் இருந்த பெயரைப் பார்த்தாள்.
"சுவர் மண்ணா, செங்கல்லா?"
"மண்."
"அப்போ இந்த முனை ஆகாது."
வேறொன்றை மாட்டி,
ஒரே ஒரு திருகாணியை
என் உள்ளங்கையில் வைத்தாள்.
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?
சுவரைப் பார்த்தேன்.

சுவரெல்லாம் ஆணி. ஆணிக்கொரு சாவி.
இந்தக் குன்றில் யார் சாவி வெட்டினாலும்
ஒன்று கூடுதலாய் வெட்டி இங்கே மாட்டிவிட்டுப் போவார்கள்.
தகரக் கூரையையே பக்கம் பக்கமாய்ப் புரட்டும் காற்று
கதவைச் சாத்திவிட்டால்
யாரிடம் ஓடுவது?

"இன்னிக்கு வெள்ளிதானே?" என்றாள் திடீரென்று.
"நேத்து அபெலினோ வரலை."

வியாழன்தோறும் வானொலிக்கு இரண்டு பேட்டரி.
நான்காய் வாங்கினால் மலிவு என்று
இவளே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.
இரண்டுதான் வாங்குவார்.
அடுத்த வாரமும் வர வேண்டுமே.

ஏழாம் ஆணிச் சாவியை எறிந்தாள். ஓடினேன்.
சமையலறைத் தரையில் கிடந்தார்,
இடுப்பொடிந்து, ஓர் இரவும் அரைப் பகலும்.
கைக்கு எட்டாத தூரத்தில்
குரல் அடங்கிய வானொலி.
கண் திறந்ததும் கேட்டார்:
"கடை சாத்திட்டாளா?"

பெருங்கடைக்கு என் பிறந்தநாள் தெரியும்.
வருடம் தவறாமல் வாழ்த்து அனுப்பும்.
நான் தவறினால்
தெரியாது;
அப்போதும் அனுப்பும்.

ஆம்புலன்ஸ் படி ஏறாது.
அவர் வீட்டுக் கதவையே கழற்றினோம்,
சுனில்தாவின் திருப்புளியால்.
அதில் கிடத்தி
ஆறு பேர், பக்கவாட்டில் நண்டு போல,
நூற்றுப்பதினெட்டும் இறக்கினோம்.
வழியெல்லாம் அவர் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் திருகாணிக்குக் காசு நீட்டினேன்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
"பேட்டரி ரெண்டு எடுத்துப் போ.
ஆஸ்பத்திரியில கேப்பார்.
அதுக்கும் சேர்த்து வை."

சில்லறை போதவில்லை.
நோட்டைப் பிரித்து
என் பெயரை எழுதினாள்,
என்னைக் கேட்காமலே.