ஆயிரம் பார்வைக்கு

ஆயிரம் பேர் பார்த்தால் ஒன்றரை யூரோ.
ரிம்விதாஸ் மேசைமேல் விரலால் பெருக்குகிறான்.
வெந்தே முனையில் காற்று.
கணப்பில் தணல் மட்டும்,
எழுந்து விறகு வைக்க மனமில்லை.

குர்ஷியக் காயலின் பனிக்கட்டி
இன்று எத்தனை சென்டிமீட்டர்:
அவன் தளத்தில் இருப்பது அவ்வளவுதான்.
விடியுமுன் துளையிட்டு, கோலை இறக்கி,
கையுறையைக் கழற்றி எண்ணைத் தட்டுவான்.
தூண்டிலோடு கிளம்புகிறவர்கள்
காபி ஆறுவதற்குள் பார்த்துவிட்டு மூடுவார்கள்.

வலது ஓரத்தில் ஒரு கட்டம் காலி.
வாடகைக்கு விட்டால் என்ன தேறும்?
டிசம்பரில் நாளைக்கு நானூறு பேர்.
ஜனவரியில் இரண்டாயிரம்.
கோடையில் அவனும்,
தளம் திறக்கிறதா என்று பார்க்கும் யுர்கிதாவும்.

பிப்ரவரி ஒன்பதில் மட்டும் கோடு
தாளைத் தாண்டி எகிறுகிறது.
நாற்பத்தோராயிரம்.
அன்று காலை அவன் போட்ட எண் பதினெட்டு.
அளந்தபோது பதினெட்டுதான்.
மதியம் தென்காற்று, கட்டி பிளந்தது.
இருவர் அதன்மேல் நின்றபடியே மிதந்து போனார்கள்.
ஒருவர் திரும்பினார்.
நாடே வந்து அந்தப் பதினெட்டைப் பார்த்தது.

அந்த நாளைச் சேர்த்தால்
அரை வண்டி விறகு.
விட்டுவிட்டால்
சர்வர் வாடகைக்கே துண்டு விழும்.

“சராசரி என்றால் எல்லா நாளும்தானே”
என்கிறாள் யுர்கிதா, ஈரக் காலுறையைப் பிழிந்தபடி.
பிழிந்ததைக் காயப்போடாமல் நிற்கிறாள்.
“அந்தக் கட்டத்தில் என்ன விளம்பரம் வரும்?”

தெரியாது.
பார்க்கிறவர் யாரென்று பார்த்து
இயந்திரமே தேர்ந்தெடுக்குமாம்.
பூட்ஸாக இருக்கலாம்.