பதினைந்தாவது பெயர்

நிலையியல் வகுப்பு நடக்கப் பதினைந்து பேர் வேண்டும்.
பதினான்கோடு நின்றது பட்டியல்.
வெள்ளிக்குள் ஆள் சேராவிட்டால் ரத்து.
சமுதாயக் கல்லூரியில் இதை முடிக்காமல்
பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளாது.

டெல்ஃபினா தன் தம்பியைச் சேர்த்துவிட்டாள்.
டயர் கடையில் வேலை எஃப்ரெயினுக்கு,
திசையன் என்ற சொல்லைக் கேட்டதில்லை.

கடைசி வரிசையில்
ரப்பர் வாசனையோடு தூங்குவான்.
பலகையில் ஒரு கப்பி,
அதில் தொங்கும் எஞ்சின்,
சுற்றிலும் அம்புக்குறிகள்.
கூட்டினால் சுழி வரவேண்டும்.
அவளுக்கு எப்போதும் ஏதோ மிச்சம்.

பதிமூன்றாம் வாரம்
ஒற்றைக் கண்ணைத் திறந்து சொன்னான்:
"சங்கிலியோட கனத்தை விட்டுட்டியே அக்கா.
அதுவுந்தானே தொங்குது?"

மொடெஸ்டோவில் அன்றிரவு மூடுபனி.
கட்டணம் இன்னும் இரண்டு தவணை பாக்கி,
அவனுடையதும் சேர்த்து.