நூற்று முப்பத்தொன்று

எனக்குத் தந்த வேலை எண்ணுவது.
சூரியனுக்கு முதுகு காட்டி
பலகைப் பெட்டியொன்றில் இருந்துகொண்டு
ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை
விநாடி பிசகாமல், உரத்து.

வாகரைக் கரையில் அன்று ஆனி அமாவாசை.
விடியமுன் உதுமாலெவ்வையின் லொறி
பனிச்சங்கேணிச் சேற்றில் புதைந்து,
கண்ணாடித் தட்டுகள் இருந்த பெட்டியை
நிறைமாதக்காரியைப் போல் இறக்கினார்கள்.
கமராவுக்கு முக்காலி செய்த ஓக்கஸ்
காலொன்று குட்டையெனக் கண்டு
அடியில் ஒரு சிரட்டை வைத்தான்.
சீமையிலிருந்து கப்பலில் வந்த சாமான்
சிரட்டையில் நின்றது.

படம் வரைய வந்த ஐந்து பேருக்கும்
பத்து நிமிடம் முந்தியே கண்ணைக் கட்டினார்கள்.
இருட்டுக்குக் கண் பழக வேண்டுமாம்.
காலை எட்டு மணி வெயிலில்
கறுப்புத் துணியும் பென்சிலுமாக ஐவர்,
கண்கட்டி விளையாட்டில்
யாரும் பிடிக்க ஓடாததுபோல்.

"முடியைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், ரீச்சர்,
நீங்கள் நேரத்தைப் பாருங்கள்,"
என்றார் கழகத்துச் செயலாளர்.
முடி என்றால் கிரீடம் என்றும் விளக்கினார்.
துணிக்குள்ளிருந்து செல்லத்தங்கம் சிரித்தாள்:
"நான் மயிர் எண்டு நினைச்சன் கா.
எதெண்டாலும் நீ கிறுகிப் பாக்கப்படாது."

கச்சான் நின்றது.
என் முன்னால் மேற்கு.
வாவி, அதில் இடுப்பளவு தண்ணீரில்
அத்தாங்கு தள்ளும் ஒருவன்,
அவனுக்குப் பின்னால் காடு.
காட்டுக்கு மேலே வானம்
நாவற்பழம் தின்ற வாயாயிற்று.
மழை வருவதுபோல்தான் வந்தது, இரைச்சல் மட்டும் இல்லை.
மரம் மரமாக எடுத்தது,
தண்ணீரை முழம் முழமாக.

"இப்போது!"
ஒன்று.

பின்னால் துணிகள் அவிழ்ந்தன.
யாரோ "ஆண்டவரே" என்றார்.
ஏழு. எட்டு.
தாளில் பென்சில்கள் அவசரப்பட்டன.
தட்டு மாற்றும் ஓக்கஸின் மூச்சு.
ஐம்பது. ஐம்பத்தொன்று.
அத்தாங்குக்காரன் வலையை விட்டுவிட்டு
என்னைப் பார்த்து நின்றான்.
இல்லை, எனக்கு மேலே.
அவன் நெற்றியிலும் ஈரத் தோளிலும்
ஒரு வெளிச்சம்,
நிலவென்று சொல்ல முடியாது, விளக்கென்றும்.
கழுவிக் கவிழ்த்த அலுமினியத் தட்டு
இருட்டில் தன்பாட்டில் தெரியுமே, அப்படி.

நூற்று முப்பதில் கை அலுத்து
கடிகாரம் கொஞ்சம் சாய்ந்தது.
அதன் கண்ணாடியில்,
பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே,
கடுகளவில் ஒரு கறுப்பு.
கறுப்பைச் சுற்றி வெள்ளை,
இரண்டு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குட்டையாய்,
சீவாமல், சிக்கெடுக்காமல்.
செல்லத்தங்கம் சொன்னதுதான் சரி.
விநாடி முள் அதற்குள் புகுந்தது.
வெளியே வந்தது.

நூற்று முப்பத்தொன்று என்றேன்.
முள்ளோ பதினைந்தைத் தொட்டிருந்தது.
எவரும் திரும்பவில்லை.
நூற்று முப்பத்திரண்டு என்றேன்.

இருநூற்று முப்பத்தாறில்
மணலில் என் நிழல் வந்து விழுந்தது.
எங்கோ ஒரு சேவல்.

ஐந்து தாளையும் மணலில் விரித்துக் கல் வைத்தார்கள்.
ஐந்து வேறு சூரியன்கள்.
ஒன்றுக்கு மூன்று கொம்பு, ஒன்றுக்கு ஏழு.
செல்லத்தங்கத்தின் தாளில்
ஒரு வட்டமும் பாதிக் கோடும் மட்டும்;
மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாளாம்.
"சராசரி எடுப்போம்," என்றார் செயலாளர்.
பிறகு கொப்பியில் குறித்தார்:
கணித்ததைவிட நான்கு விநாடி முந்தி முடிந்தது,
சந்திரன் விளிம்பில் மலையொன்று
குறுக்கே நின்றிருக்கலாம்.

நான் பெட்டியை விட்டு எழும்பி
சட்டையில் மணல் தட்டினேன்.
பிள்ளைகளுக்குப் பிழைக்கணக்குத் திருத்தி
சம்பளம் வாங்குகிறவள் நான்.
வாய் திறக்கவில்லை.

உமலில் நாலு இறாலோடு
கரையேறிய அத்தாங்குக்காரன்
எவ்வளவு நேரம் இருந்தது எண்டு கேட்டான்.
அவனுக்கு மட்டும் சொன்னேன்:
இருநூற்று நாற்பது.