முழங்கை அளவு

வேலப்பாடிச் சந்தில் எங்கள் வீட்டுச் சமையலறையை
ஒரு புதன்கிழமை உடைத்தார்கள்.
காலை ஆறரை. அதற்குள் வெயில்
மொட்டைப் பாறை மலையிலிருந்து இறங்கிச்
சுவரேறிவிட்டது.

கன்னியப்பன் மேஸ்திரி சம்மட்டி போட்டபோது
புதையல் ஒன்றும் விழவில்லை.
சுண்ணாம்பு விழுந்தது, அதன்மேல் பச்சை, அதன்மேல் நீலம்,
எல்லாவற்றின் மேலும் விரற்கனம் எண்ணெய்ப் பிசுக்கு.
குடும்பத்தோடு கிளம்பின கரப்பான்கள்.
பாண்டில் அள்ளிப்போன தனக்கோட்டி
"இன்னா சார் இம்மாம் புகை" என்றாள்.
என் கையெழுத்தை யாரோ குறை சொன்னது போலிருந்தது.

பத்து நாளாக அடுப்பு ஹாலில்.
தையல் மிஷின் பலகைமேல் இண்டக்‌ஷன்,
பைபிளுக்குப் பக்கத்தில் புளி டப்பா,
பாத்திரம் கழுவக் குளியலறை.
முள்ளுக்கத்தரிக் குழம்பில் சிமெண்ட் விழாமல்
ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டே சாப்பிட்டோம்.
ஹெப்சிபா இரவு டியூட்டி முடிந்து வந்து
டைல்ஸ் வெட்டும் சத்தத்தில் தூங்கினாள்.
வார்டு மானிட்டருக்கு இது தேவலாம் என்றாள்,
இது நின்றால் யாரும் ஓட வேண்டியதில்லை.

பதினோராம் நாள் மேடை.
"அம்மாவக் கூப்புடுங்க சார், அளவு எடுக்கணும்.
முழங்கைக்கு ஆறு இஞ்ச் கீழ வெச்சா
இடுப்பு தப்பிச்சுக்கும்.
பழைய மேடை இருபத்தெட்டுதான் கீது,
எப்டித்தான் நின்னாங்களோ பாவம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இருபத்தெட்டு அங்குலத்துக்கு முன்
பதினான்கு வருடம் வளைந்த முதுகு
சட்டைக்குள் ஒருமுறை நெளிந்துகொண்டது.

ராணிப்பேட்டையில் தோல் ஃபேக்டரியை மூடிய மாதம் தொடங்கியது.
முதலில் சாதம். பிறகு ரசம்.
பிறகு அவள் வார்டுக்கு எடுத்துப்போகும் டப்பாவில்
நெத்திலிக் குழம்பு.
"அக்கா, உங்க கைப்பக்குவமே தனி" என்பார்களாம் சிஸ்டர்கள்.
அக்கா சிரிப்பாளாம்.
சம்பளம் அவளுடையது,
பேரும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.
பழைய சூப்பர்வைசர்கள் போன் செய்தால்
கன்சல்டன்சி என்பேன்.
குக்கர் விசிலடித்தால்
பேசிக்கொண்டே மாடிப்படிக்கு நகர்வேன்.

மேஸ்திரி டேப்பை இழுத்துப் பிடித்து நிற்கிறார்.
ஹெப்சிபா தூக்கக் கண்ணோடு
முடியைச் சுருட்டியபடி வந்தாள்.
நாலடி பத்தங்குலம்.
ஸ்டூல் போட்டு ஏறி டிரிப் மாட்டுகிறவள்.
டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அவர நிக்க வைங்க.
எனக்கு டீயத் தவிர ஒண்ணும் வராது."
கொட்டாவி விட்டபடி போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன்.
"கைய மடக்குங்க சார்."
மடக்கினேன்.
"அப்டி இல்ல. வெங்காயம் நறுக்குற மாரி."
வலது கை தானாகக் கத்தி பிடித்தது,
இடது கை விரல்நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டது.
சல்லடையை நிறுத்திவிட்டுத் தனக்கோட்டி சொன்னாள்:
"மெய்யாலுமே இவருதான்."

முப்பத்தாறு.
சுவரில் எழுதி அடியில் கோடு போட்டார்.

கறுப்பு கிரானைட் வந்து படிந்துவிட்டது.
சிங்க்குக்காக நடுவில் அறுத்தெடுத்த துண்டு,
ஒரு மூலை உடைந்தது,
குப்பை வண்டியில் ஏற்றிவிடலாமென்று
சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன்.
நேற்று அவளுக்கு ஆஃப்.
சாயங்காலம் வந்து பார்க்கிறேன்,
மிச்சச் செங்கற்களைப் பரப்பி
மேலே அந்தத் துண்டைக் கிடத்தி
ஏறி நின்று டீ போடுகிறாள்.

சர்க்கரை அதிகம். எப்போதும்போல.
ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் ஒருத்தி வருகிறாளாம்,
நெத்திலிக் குழம்பு கற்றுக்கொள்ள.
"யாருகிட்ட?" என்றேன்.
கல்மேல் நின்றதில் என் காதருகே வந்திருந்தாள்.
பதில் சொல்லாமல்
கழுவச் சொல்லி
வடிகட்டியை நீட்டினாள்.