நாலு மாத்திரை

தாடையை இந்தத் தாங்கியில் வை.
நெற்றி இங்கே. அசையாதே.
ஒன்பது புள்ளிகள் வரும், ஒவ்வொன்றாய்ப் பார்.
ஒரு நாளில் இருபது முறை சொல்கிறேன்,
ஈசூன் பள்ளியொன்றின் பழைய இசை அறையில்.
ஓரமாய்த் தள்ளிவைத்த பியானோவுக்கும்
இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

எனக்குச் சீனம் தெரியாது.
பிள்ளைகளின் கண் தெரியும்.
அவர்கள் திரையில் ஒரு வரி; என் திரையில்
அதே வரியின்மேல் ஒரு நீலப் புள்ளி.
இடைவெளியே விடாமல் நெருக்கி நிற்கும் எழுத்துகளில்
எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது என்பதை
அந்தப் புள்ளி தாவுவதை வைத்துத்தான் அறிகிறேன்.
தெரிந்த சொல்லைத் தொடாமலே தாண்டும்,
தினமும் இறங்கும் படியைக் கால் எண்ணாதது போல.
எதிர்பாராததில் முட்டி நிற்கும்.
சில சமயம் திரும்பி ஓடும்,
அடுப்பை அணைத்தோமா என்று
மின்தூக்கி வாசலிலிருந்து ஓடுகிறவளைப் போல.

எது எதிர்பார்த்தது என்பதையெல்லாம்
முன்பே கேட்டு வைத்திருக்கிறார்கள்.
வேறு பள்ளி, வேறு அறுபது பிள்ளைகள்.
கடைசிச் சொல்லை மறைத்து, நிரப்பு என்றார்கள்.
மழை கொட்டுகிறது, அப்பா இன்று இருப்பது...
ஐம்பத்தேழு பேர் எழுதியது: வீட்டில்.
அந்த எழுத்து மட்டும் எனக்கு அடையாளம் தெரியும்.
மேலே ஒரு கூரை. கூரைக்குக் கீழே பன்றி என்று
முனைவர் சியோ ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.
கண்கள் அதில் தங்குவதே இல்லை.

எங்கள் இலக்கணத்தில்
இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
இந்தக் கருவிக்கோ இமைப்பது கோளாறு;
இமைத்த நேரத்தைச் சாம்பல் பூசி ஒதுக்கிவிடும்.
என்னால்தான் இன்னும்
மில்லிநொடியில் யோசிக்க முடிவதில்லை.

குவெக் ஷெங் ரூய், தொடக்கநிலை மூன்று.
ஈரக் காலுறைகளைக் கழற்றி
நாற்காலிக்கு அடியில் பந்தாய்ச் சுருட்டி வைத்தவன்.
பூனை குடையைத் தின்ற வரியில்கூட
லேசாய்த் தயங்கிவிட்டுப் போய்விட்டான்.
கூரையிடம் வந்து நின்றான்.
நின்றான்.
மழைக்குத் திரும்பினான். அப்பாவுக்கு. மறுபடி கூரைக்கு.
அந்த முதல் நிற்றல் மட்டும்
ஆயிரத்து இருநூறு மில்லிநொடி.
நாலு மாத்திரை. அளபெடைக்கும் மூன்றுதான்.

தாடையை எடுத்ததும் சொன்னான்:
"ஆன்ட்டி, அந்த வரி தப்பு.
மழை வந்தால்தான் அப்பா கிளம்புவார்.
ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வெள்ளி கூட.
சாப்பாட்டுப் பைக்கு பிளாஸ்டிக் சுற்றுவது நான்."
காலுறையை முகர்ந்து பார்த்தான்.
போட்டுக்கொண்டு போய்விட்டான்.
கதவருகே அடுத்த பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாலையில் முனைவரின் மின்னஞ்சல்:
எண்ணூறைத் தாண்டும் நிலைப்புகளை நீக்கிவிடவும்,
கவனம் சிதறியிருக்கும்.
விதி சரிதான். நானே எத்தனையோ நீக்கியிருக்கிறேன்:
தும்மல், திரையில் ஊர்ந்த எறும்பு,
சிறுநீரை அடக்கிக்கொண்டு வாசித்த ஒருத்தி.
இவனுடைய வரிசைக்கு மஞ்சள் அடித்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
கவனம் என்று எழுதினேன். அழித்தேன்.
கோப்பைச் சேமித்தேனா என்பதே நினைவில்லை.

காத்திப் நிலையத்தில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.
பதினோராம் மாடி, நனைந்த சேலை, சமைக்கத் தெம்பில்லை.
கைப்பேசியில் ஒரு மீ கோரெங், ஒரு தே சி.
மழை காரணமாகக் கட்டணம் சற்றுக் கூடுதல் என்றது திரை.
கீழே பச்சைப் பொத்தான்.
அழுத்தினால் யாரோ ஒருவர் நனைகிறார்.
அழுத்தாவிட்டால்
அந்த ஒரு வெள்ளி எந்த வீட்டுக்கும் போகாது.
கட்டைவிரல் அதன்மேல் நின்றது.
இமைத்தேன்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.