கல்லெறி தூரம்

எழுத்தன் குனிந்து
இடது விலாவின் கீழே மையால் ஒரு கோடு இழுப்பான்.
ஒரு சாண்கூட இராது.
அவ்வளவுதான் என் வேலை.

தெற்கிலிருந்து வந்த கறுப்புக் கல்,
ஒரு கழுதையின் விலை அதற்கு.
கோட்டின் மேல் வைத்து இழுப்பேன்.
பழந்துணி கிழிவதுபோலக் கேட்கும் என்கிறார்கள்
கேட்டிராதவர்கள்.
ஓசையே கிடையாது.

பிறகு ஓடுவேன்.

ஓடத்தான் வேண்டும்.
செத்த உடம்பில் காயம் செய்தவன்
கூடாரத்துக்குள் நிற்கலாகாது.
எண்ணெய் பூசுபவன், உப்பு அள்ளுபவன்,
சுருளைப் பிரித்து மந்திரம் படிப்பவன்,
நரிமுகம் மாட்டி நிற்பவன்கூட
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கீழே கல் தேடுவான்.
ஏச்சுக்கும் ஒரு வரிசை உண்டு:
என் தாயில் தொடங்கி
எனக்குக் கிடைக்காத கல்லறையில் முடியும்.

நெஸ்மின்தான் குறி தவறாதவன்.
மாலையானால் அவனே
பார்லிக் கள்ளோடு வந்து உட்காருவான்.
"எங்கே பட்டது, காட்டு."
தோள்பட்டை என்றால் அவனுக்குப் பெருமை.

இன்று கிடந்தவர் அரசர்.
காதோரம் ஒரு மரு. சொத்தைப் பல் இரண்டு.
உதட்டில் ஈ நடந்தது,
எந்த மந்திரம் சொல்லி விரட்டுவதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
அவருக்காக மலையைப் பதினேழு ஆண்டு குடைந்தார்களாம்.
உள்ளே படகுகள், பொன் கட்டில்,
பெட்டியில் வைத்த வாத்துக்கறி,
கூப்பிட்டால் ஏனென்று கேட்க மண்பொம்மை வேலையாட்கள்.

எழுத்தனின் கோடு நடுங்கியிருந்தது.
என் கல் நடுங்கவில்லை.
ஓடினேன்.

ஓட்டமா அது?
போன வெள்ளத்திலிருந்தே வலது முழங்கால்
என் பேச்சைக் கேட்பதில்லை.
ஒன்பது, பத்து, பதினொன்று...
முதுகில் எதுவும் விழவில்லை.
திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.

கல்லெறி தூரத்தில்தான் நின்றேன்,
பால்குடி மறவாத பிள்ளையும் தவறவிடாத தூரம்.
நெஸ்மின் எறிந்த கல்
எனக்கு இரண்டு முழம் தள்ளி மணலில் புதைந்தது.
அடுத்தவன் கல்லும் அங்கேயே.
ஏச்சு மட்டும் குறைவில்லாமல் வந்தது.

எனக்கு வந்ததே கோபம்!

மேற்கே ஒரு தராசு இருக்கிறது, மூடர்களே.
ஒரு தட்டில் இறகு, மறு தட்டில் நெஞ்சு.
முதலை வாயும் நீர்யானை இடுப்புமாய்
ஒருத்தி பசியோடு பக்கத்தில்.
நாற்பத்திரண்டு பேர் கேட்பார்கள்.
யாரையும் நோகடிக்கவில்லை என்று
எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள்.
நான் எந்த வாயால் சொல்வேன்?
அரசர், மீன்காரி, பல் முளைக்காத குழந்தை,
எத்தனை விலா!

போர்வீரனுக்கு மார்பில் தழும்பு அழகு.
எனக்கு முதுகுதான்.
அங்கே திரும்பி நின்று காட்டுவேன்:
கடன் எதையும் வைக்கவில்லை, எண்ணிக்கொள்ளுங்கள்.
அரசரின் கணக்கில் மட்டும் ஒரு வடு குறைந்தால்
அந்த இறகுக்கு நான் என்ன சொல்வது?

"எறிடா" என்றேன்.
அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.
"நெஸ்மின், எனக்காக எறி."
திரும்பி, ஓடாமல் நடந்தேன்.

மாலையில் கள்ளோடு வந்தான்.
எங்கே பட்டது என்று கேட்கவில்லை.
சட்டியில் துணி நனைத்துப் பிழிந்து
நேராக இடது விலாவில் வைத்தான்.