நாலா, பத்தா

மை என்றால் வாங்குவது.
விற்பதற்கும் மைதான்.
குரல் கிணற்றில் இறங்கி மேலேறினால் வாங்குவது,
மாடியிலிருந்து குடம் விழுவதுபோல் விழுந்தால் விற்பது.
செவ்வாப்பேட்டைக்கு முனிரத்தினம்
கொலுசுச் சங்கிலி இயந்திரம் இறக்கிய ஆறு வருடமும்
இந்த ஒரு வித்தியாசத்தில்தான் என் சம்பளம் நின்றது.
ஒருநாள் பிசகி,
வாங்கக் கூப்பிட்டவள் விற்க வந்தவளானேன்.
மறுமுனையில் சியூலான் சிரித்து முடித்து
முதலாளிக்குத் தெரியாமல் திருத்தினாள்.
பிறகு ஒவ்வொரு ராத்திரியும் திருத்தினாள்.

விளம்பரத்தில் ‘மொழி அறிந்தோர்’ என்று மட்டும் இருந்தது.
எந்தத் துறை என்பது இரண்டாவது கடிதத்தில்.

சென்னையில் தேர்வு. காதில் ஹெட்போன்.
நாற்பத்தேழு நொடி இரைச்சலுக்கு அடியில்
யாரோ யாரிடமோ லாரிகளைப் பற்றிச் சொல்கிறார்.
நாலு லாரியா, பத்து லாரியா?
தெற்கத்தி நாக்கு அது, ஷகரம் வராது.
நாலு விழும், பத்து ஏறும்,
வேறு வித்தியாசம் கிடையாது.
பல்கலைக்கழகத்தில் பெய்ஜிங் உச்சரிப்புப் படித்த
பக்கத்து மேசைக்காரர்
ஹெட்போனைக் கழற்றி அதையே முறைத்தார்.
எனக்கோ அது அம்மாப்பேட்டை.
எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்பது வாளப்பளம்,
யாருக்கும் பழம் மாறிக் கிடைத்ததில்லை.
பத்து என்று எழுதினேன்.

நடுவில் அந்த ஆள்
‘அந்த... அந்த...’ என்று இழுத்தார்,
நாம் ‘வந்து... வந்து...’ என்போமே, அப்படி.
அதையும் எழுதணுமா சார் என்றேன்.
மேற்பார்வையாளர் அப்போதுதான் நிமிர்ந்தார்.
“அதத்தான் மொதல்ல எழுதணும்.”

ஆவணியில் ஒருவர் பைக்கில் வந்தார்.
சாதா சட்டை, போலீஸ் செருப்பு.
டீக்கடையில் விசாரித்தார், இஸ்திரி வண்டியில் விசாரித்தார்:
பொண்ணு பழக்கவழக்கம் எப்படி,
கடன் கிடன் உண்டா.
மாப்பிள்ளை வீடு என்று தெரு முடிவு செய்துவிட்டது.
மாவு மில் குப்பாயி
என் கல்யாணத்தை நடத்திவிடும் வேகத்தில் சொன்னாள்:
“தங்கமான புள்ளைங்க.
ராத்திரியெல்லாம் ஒரு சைனாக்காரிகூடத்தான் பேசும்.”

வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து
நீல மைப் பேனாவைத் திறந்தார்.
பதினேழாம் கட்டம், வெளிநாட்டுத் தொடர்புகள்.
அவள் பெயரை எழுதினேன்.
ஏற்ற இறக்கம் போட அதில் இடமில்லை,
எந்தப் பெண்ணின் பெயராகவும் இருக்கலாம்.
உறவு?
இயந்திரப் பழுது, என்றேன்.
அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.
“வேல கெடச்சா இவங்ககூடப் பேச்சு கூடாதும்மா.”
டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்.
“கேக்கலாம். கேக்கறதுதான வேலையே.”

கேட்கலாம்.
எதையும் கேட்கக் கூடாது.
இதற்குச் சீனத்தில் இரண்டு சொல் வேண்டும்.

ஒரு சான்றொப்பம் பாக்கி.
அதிகாரி விடுமுறைக்கு ஏற்காடு போயிருந்தார்,
ஃபைலோடு நானும் மலையேறினேன்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
சிக்னல் வந்த ஒரு நிமிடத்தில்
சியூலானின் குரல் வந்து விழுந்தது. பதினான்கு நொடி.
புது இயந்திரம் பூட்ட அடுத்த மாதம்
சேலத்துக்கே வருகிறாளாம்.
தேதி சொல்லும்போது டிரைவர் ஹாரனை அழுத்தினார்.
அது அவள் பக்கத்து லாரியாகவும் இருக்கலாம்.
மூன்று முறை ஓட்டினேன்.
காது அதற்குள் வேலைக்குச் சேர்ந்திருந்தது:
பேசுபவர் பெண், நாற்பதுக்கு மேல், ஃபூஜியான் தெற்கு.
பின்னால் எண்ணெய் கொதிக்கிறது.
ஆறாம் நொடியில் தயக்கம்,
‘அந்த... அந்த...’
நாலா, பத்தா?

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்
ஜன்னலில் ஒன்று மாற்றி ஒன்று.
சாப்பிட்டாயா என்று முடித்திருந்தாள்,
எப்போதும் அப்படித்தான் முடிப்பாள்.

எதற்கும்
நாலாம் தேதியும் பத்தாம் தேதியும்
ஜங்ஷன் பக்கம் போகாமல் இருக்க வேண்டும்.